விடியட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி இதுதான்: முயல் நேற்று மாலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பிடித்த கீரையை நீட்டினாலும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. "மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது." காலைவரை பொறுத்துப் பார்க்கலாமா? முயலுக்கு எதை அவசரம் என்று எடுத்துக்கொள்வது?

பொறுக்க வேண்டாம். முயல் பார்க்கும் டாக்டர் ஒருவரை முதலில் போனில் பிடியுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். சாப்பிடாத முயலுக்கு "மற்றபடி நன்றாக இருக்கிறது" என்று ஒரு நிலையே கிடையாது. நாயோ பூனையோ ஒரு வேளை தட்டை ஒதுக்கினால் வயிறு சரியில்லை போல என்று விட்டுப் பிடிக்கலாம். முயலின் குடல் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. 12 மணி நேரமாகச் சாப்பிடவில்லை அல்லது 12 மணி நேரமாகப் புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரம்தான். அந்த 12 மணி நேரமும் நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நாலைந்து மணி நேரத்திலேயே சந்தேகம் வந்துவிட வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. பல வருடங்களாக முயல் வளர்க்கிறேன், பிறர் வளர்க்க முடியாமல் விட்டவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னுடைய முதல் முயல் இதே மாதிரி ஒரு ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் மாற்றி வைத்தேன், தலையைத் தடவினேன், காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, காது பனிக்கட்டியாக இருந்தது. டாக்டரிடம் போய்ச் சேர்ந்த கால் மணி நேரத்தில் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பதற்றமாகிவிடுகிறது.

முயல் ஏன் இப்படி மறைக்கிறது? காட்டில் அதைத் தின்னாத பிராணி குறைவு. நொண்டுகிற முயல்தான் முதலில் பிடிபடும். ஆகவே வலியை வெளியே காட்டாமல் இருப்பது அதன் பிறவிக் குணம். பெரும்பாலும் கத்தாது, அழாது, நம்மிடம் வந்து முறையிடாது. அது காட்டும் அறிகுறி பெரும்பாலும் ஏதோ ஒன்று இல்லாமல் போவதுதான்: ஓடி வரவில்லை, தின்னவில்லை, புழுக்கை இல்லை. இல்லாததைக் கவனிக்க வேண்டுமென்றால் வழக்கமாக என்ன இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள முயல் ஒரு நாளைக்கு 200, 300 புழுக்கை போடும். உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில், நசுக்கினால் புல் நார் உதிரும். அது சிறுத்து, கோணலாக, கறுத்து, மிளகு மாதிரி கெட்டியாக வர ஆரம்பித்தாலே உள்ளே ஓட்டம் குறைகிறது என்று பொருள். பல முயல்களில் முதல் எச்சரிக்கை இதுதான், சாப்பாடு நிற்பதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பே தெரியும். காலையில் கூண்டைச் சுத்தம் செய்யும்போது குப்பையில் கொட்டுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வீட்டில் யாராவது கேலி செய்தால் செய்துகொள்ளட்டும்.

உள்ளே நடப்பது ஒரு சுழல். ஏதோ ஒரு காரணத்தால் குடல் மந்தமாகிறது. உணவு நகராமல் கிடக்க, அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு அது இறுகுகிறது. பெருங்குடலுக்கு முன்னால் உள்ள குடல்பையில் இருக்கும் நுண்ணுயிரிகளின் சமநிலை கெட்டு வாயு சேருகிறது. வாயு வலியைக் கொடுக்கிறது. வலிப்பதால் முயல் தின்ன மறுக்கிறது, தின்னாததால் குடல் மேலும் மந்தமாகிறது. கூடவே, பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பைக் கரைத்து எடுக்க, அது கல்லீரலில் போய்ப் படிந்து கல்லீரலே செயலிழக்கலாம். குண்டு முயல்களுக்கு இது சீக்கிரம் வரும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது முன்பக்கமாகத் திரும்ப வழியே இல்லை.

டாக்டர்கள் இதை ஜி.ஐ. ஸ்டேசிஸ், அதாவது குடல் ஓட்டம் நின்றுபோவது என்பார்கள். இது ஒரு நோயின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது வேறு ஒரு தொந்தரவின் விளைவு. கடைவாய்ப்பல் கூராக வளர்ந்து நாக்கைக் குத்தியிருக்கும், சிறுநீர்ப்பையில் கல் இருக்கும், ஜோடி முயல் இறந்திருக்கும், வீட்டில் நாள் முழுக்கத் துளைபோடும் சத்தம் கேட்டிருக்கும், அல்லது புல் குறைவாகவும் பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) அதிகமாகவும் கொடுத்துப் பழக்கியிருப்போம். குடலை ஓடவைத்துவிட்டு அந்தக் காரணத்தைத் தேடாமல் விட்டால் அடுத்த மாதமே திரும்ப வரும்.

சரி, முயலை இப்போது எப்படிப் பார்ப்பது? தூக்குவதற்கு முன் தள்ளி நின்று உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். நிம்மதியாக ஓய்வெடுக்கும் முயல் காலை நீட்டிக் கிடக்கும், அல்லது ரொட்டி மாதிரி மெத்தென்று அமர்ந்திருக்கும். வலியில் இருக்கும் முயல் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, காதுகளைப் பின்னுக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் வயிற்றைத் தரையில் அழுத்தும், எழும், இரண்டடி போகும், மறுபடி அழுத்தும். பல் சத்தத்தைக் கேளுங்கள். தடவும்போது வரும் மெல்லிய கடகட ஒலி சந்தோஷம். தூரத்திலிருந்தே காதில் விழுகிற நறநற ஒலி வலி. இரண்டையும் ஒருமுறை கேட்டவர்கள் பிறகு குழம்ப மாட்டார்கள்.

அடுத்து காதைத் தொடுங்கள். காது ஜில்லென்று இருந்து முயலும் சோர்ந்திருந்தால் உடம்பின் சூடு இறங்குகிறது. வெப்பமானி வைக்கத் தெரிந்தால் நல்லது. முயலின் இயல்பான சூடு 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறக்குறைய 101 முதல் 103 ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் அளவு அதற்கு இயல்பு. 38-க்குக் கீழே போனால் கவலைக்கிடம், குடல் நின்ற முயலுக்குச் சூடு இறங்குவதைவிடக் கெட்ட சேதி கிடையாது. ஆனால் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த ராத்திரியில் முதல் பாடம் படிக்க வேண்டாம். முயல் உதறினால் குடலில் காயம் படும். காதும் பாதமும் போதுமான அளவு சொல்லிவிடும்.

காது குளிர்ந்திருந்தால் உடனே செய்ய வேண்டியது சூடு கொடுப்பது. பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, துண்டு சுற்றி, முயலின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். வேண்டாமென்றால் அது நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். குளிர்ந்துபோன முயலின் குடல் எந்த மருந்துக்கும் சரியாக அசைந்து கொடுக்காது, ஆகவே உணவு ஊட்டுவதற்கும் முன்னால் இதுதான்.

அப்புறம்தான் ஊட்டலாமா என்ற கேள்வி. இங்கேதான் நிறையப் பேர் நல்ல எண்ணத்தோடு கெடுத்துவிடுகிறார்கள். சாப்பாடு நின்ற முயல் எல்லாம் ஒரே ரகம் இல்லை. ஒரு ரகத்தில் ஒன்றிரண்டு நாளாகப் புழுக்கை சிறுத்து, பசி குறைந்து, மெதுவாக மந்தமாகும். வயிறு மாவு பிசைந்த மாதிரி இருக்கும், முயல் சோர்ந்தாலும் சுற்றுமுற்றும் பார்க்கும். இன்னொரு ரகத்தில் சாயங்காலம் துள்ளிக்கொண்டிருந்த முயல் இரவு திடீரென்று சுருண்டுவிடும். விலா எலும்புக்குப் பின்னால் வயிறு மத்தளம் மாதிரி விறைத்துப் புடைத்திருக்கும், காது குளிர்ந்திருக்கும், எதற்கும் திரும்பாது. இது அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இறுகிய முடி உருண்டையோ, விரிப்புத் துணியின் நூலோ, காய்ந்த விதையோ சிறுகுடலில் சிக்கியிருக்கும். இரைப்பை ஊதிக்கொண்டே போகும். கையில் இருப்பது சில மணி நேரம்தான். கல்லீரலின் ஒரு மடல் முறுக்கிக்கொண்டாலும் முயல் இதே போலத் திடீரென்று சோரும்.

வயிறு விறைத்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், வயிற்றைத் தேய்க்காதீர்கள், குடலை முடுக்கும் மருந்து பழைய பாட்டிலில் மிச்சம் இருந்தாலும் தொடாதீர்கள். அடைத்த குழாயில் அழுத்தம் ஏற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். கிளம்புங்கள், அவ்வளவுதான். டாக்டர் எக்ஸ்ரே எடுப்பார், ரத்தத்தில் சர்க்கரையும் பார்ப்பார். முயலுக்கு நீரிழிவு என்று நினைத்துவிட வேண்டாம். வலியிலும் பயத்திலும் சர்க்கரை ஓரளவு ஏறும், அடைப்பில் மிக அதிகமாக ஏறும். டெசிலிட்டருக்கு 360 மில்லிகிராமைத் தாண்டினால் அடைப்பு என்ற சந்தேகம் வலுக்கும். காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும், நிமிடத்தில் தெரிந்துவிடும். கையில் இருக்கும் மிக மலிவான சோதனை அது.

வயிறு மெத்தென்று இருந்து, முயலுக்குச் சூடும் இருந்து, விழுங்கும் தெம்பும் இருந்தால், டாக்டரிடம் போகும்வரை கொஞ்சம் ஊட்டலாம். முயலுக்கென்றே விற்கும் மீட்புணவுப் பொடி இருந்தால் அது. இல்லையென்றால் வழக்கமான பெல்லட்டைத் தூளாக்கி வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஆறவைத்துக்கொள்ளுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத இடைவெளி இருக்கிறதல்லவா, பக்கவாட்டில் அதன் வழியாக அரை மில்லி, ஒரு மில்லியாகக் கொடுங்கள். மென்று விழுங்கிய பிறகு அடுத்தது. நேராக உட்கார்ந்த நிலையில்தான், மல்லாக்க வைத்துக் கூடவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பொதுவாக ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 மில்லி, ஒரு நாளைக்கு நாலைந்து வேளை என்பார்கள். உங்கள் முயலுக்கு எவ்வளவு என்று டாக்டர் சொல்வதே சரி. நனைந்த கீரை, புது காய்ந்த புல், கிண்ணத்தில் தண்ணீர் எல்லாம் முன்னாலேயே இருக்கட்டும். பாட்டிலில் குடிக்க மறுக்கும் முயல் கிண்ணத்தில் குடிக்கும்.

வாயு கரைக்கும் சிமெதிகோன் சொட்டு மருந்தைப் பலர் கொடுக்கிறார்கள். பெரிதாகக் கெடுதல் இல்லை, பெரிதாகப் பலன் உண்டு என்றும் சொல்ல மாட்டேன். அதைக் கொடுத்த திருப்தியில் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டால்தான் ஆபத்து. அன்னாசிச் சாறு முடியைக் கரைக்கும் என்பது இன்னும் பழைய கதை. அது முடியைக் கரைப்பதில்லை, அதிலுள்ள சர்க்கரை குடலில் இருக்கும் குழப்பத்தை அதிகமாக்கும். நல்ல முயலின் வயிற்றிலும் எப்போதும் முடி இருக்கத்தான் செய்கிறது. தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி வேறென்ன செய்யும்? குடல் ஓடும்வரை அது புல்லோடு சேர்ந்து போய்விடும், ஓட்டம் நின்று நீர் வற்றும்போதுதான் கட்டியாகிறது.

டாக்டர் அநேகமாக வலி மருந்தும், தோலுக்கடியில் திரவமும் கொடுப்பார். அடைப்பு இல்லையென்று தெரிந்த பிறகு குடலை அசைக்கும் மருந்து. இதில் வலி மருந்தை யாரும் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. வலி அடங்கினால்தான் முயல் தின்னும், தின்றால்தான் குடல் ஓடும். ஆனால் நம் வீட்டு மாத்திரைப் பெட்டியில் இருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். முயலுக்கு மெலாக்சிகாம் போன்றவை உண்டு, அளவைக் கணக்கிட வேண்டியவர் டாக்டர்.

குடலைப் பற்றியே இவ்வளவு சொல்லிவிட்டேன், ஏனென்றால் முயல் வளர்ப்பவர் ஒருவர் அநேகமாகச் சந்திக்கப் போகும் அவசரம் இதுதான். ஆனால் இதைவிடவும் வேகமாகக் கொல்பவை உண்டு.

மூச்சு. முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி என்றே சொல்லலாம். அது வாயைத் திறந்து, தலையை மேலே தூக்கி மூச்சு வாங்குகிறது என்றால் மூக்குவழி போதாமல் போய்விட்டது. இதற்கு 12 மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது, அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். இழுத்துப் பிடிக்காமல், வாயில் எதுவும் ஊற்றாமல், காற்றோட்டமான கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தால் போகும் வழியிலேயே போன் செய்து ஆக்சிஜனைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள்.

வெயில். முயலுக்கு வியர்க்காது, காதுதான் அதன் சூட்டை வெளியேற்றும் வழி. 26, 27 டிகிரியைத் தாண்டினாலே பல முயல்களுக்குச் சங்கடம் தொடங்கும், 30-க்கு மேல் காற்றில்லாத கூண்டில் இருந்தால் உயிராபத்து. காது சிவந்து கொதிக்கும், மூக்கு நனைந்திருக்கும், வேகமாக மூச்சு வாங்கும், எச்சில் வழியும், தள்ளாடும், வலிப்பும் வரலாம். நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளைத் துடைத்துக்கொண்டே இருங்கள். பாதங்களையும் நனைக்கலாம். ஈரமான காதின்மேல் மின்விசிறிக் காற்று மெதுவாகப் படட்டும். ஐஸ் தண்ணீரில் முக்குவது கூடாது. தோலிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும், அதிர்ச்சியில் இதயமும் நிற்கலாம். கொஞ்சம் தெளிந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், உள்ளுறுப்புகளில் ஏற்பட்ட சேதம் அடுத்த நாள்தான் தெரியவரும்.

ஈ முட்டையிடுவதைப் பற்றித் தெரியாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அருவருப்பாக இருந்தாலும். பின்பக்கம் மலமோ சிறுநீரோ ஒட்டி ஈரமாக இருக்கும் முயலைப் பச்சை நிற ஈக்கள் தேடி வந்து முட்டையிடும். மஞ்சள் கலந்த வெள்ளையில் அரிசிக் குருணை மாதிரி முடியில் ஒட்டியிருக்கும். வெயில் காலத்தில் ஒரே நாளில் பொரிந்துவிடும். பொரிந்த புழுக்கள் முயலின் சதையைத் தின்ன ஆரம்பிக்கும், உயிரோடு இருக்கும்போதே. காலையில் சரியாக இருந்த முயல் மறுநாள் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். குண்டாக இருந்து பின்பக்கத்தை நக்க முடியாதவை, மூட்டு வலியுள்ள கிழ முயல்கள், பல் கோளாறால் சுத்தம் செய்துகொள்ளாதவை, வயிற்றுப்போக்கு உள்ளவை, புண் உள்ளவை ஆகியவற்றுக்குத்தான் அதிகம் வரும். வீட்டுக்குள் இருக்கும் முயலுக்கு வராது என்பதெல்லாம் இல்லை, ஒரு ஈ போதும். கோடையில் காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பாருங்கள்.

புழு வைத்திருந்தால் கண்ணில் படுவதை இடுக்கியால் எடுத்துப் போடலாம், ஆனால் எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகு போகலாம் என்று மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடாதீர்கள். தோலுக்கடியில் இருப்பதை நம்மால் எடுக்க முடியாது. முழுக்கக் குளிப்பாட்டவும் வேண்டாம், நனைந்த முயல் விறைத்துவிடும், ஏற்கெனவே நொந்திருக்கும் தோல் கிழியும். சுத்தமான உலர்ந்த துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் இடவலமாகத் துடித்து, முயல் உருண்டு உருண்டு விழுந்தால் பக்கவாதம் என்று பயந்து நம்பிக்கையை விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உள்காதில் வந்த தொற்று, அல்லது என்செபாலிட்டோசூன் குனிகுலி என்ற ஒட்டுண்ணி மூளையைத் தாக்கியது. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. ஒட்டுண்ணிக்கு ஃபென்பெண்டசோலை வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். தலை கடைசிவரை கொஞ்சம் சாய்ந்தே இருந்தாலும் தின்று விளையாடி வாழும் முயல்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் சில மணி நேரத்தில் நாம் செய்ய வேண்டியது, அது உருண்டு அடிபடாமல் சுருட்டிய துண்டுகளால் நாலு பக்கமும் அணை கட்டுவது, வெளிச்சத்தைக் குறைப்பது, வாயருகே உணவை வைப்பது. முதல் நாளிலேயே ஊசி போட்டு உயிரை முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், முயல் அதிகம் பார்க்கும் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

பின்னங்கால்கள் இழுபடுகின்றன என்றால் முதுகெலும்பைச் சந்தேகிக்க வேண்டும். முயலின் எலும்புக்கூடு உடல் எடையில் ஏழெட்டு சதவீதம்தான், பின்னங்கால் தசையோ அதைவிடப் பல மடங்கு வலுவானது. தூக்கும்போது பின்பக்கத்தைத் தாங்காமல் விட்டால், அது உதைக்கிற வேகத்திலேயே தன் முதுகைத் தானே முறித்துக்கொள்ளும். கீழே விழ வேண்டும் என்றுகூட இல்லை. இப்படி நடந்தால் முயலை மடியில் வைத்துக் கொஞ்சாமல், பலகையோ கெட்டி அட்டையோ அடியில் நகர்த்தி, துண்டால் அணைத்து, அசையாமல் கொண்டுபோங்கள்.

நாயோ பூனையோ கடித்த முயலுக்கு வெளியே ஒரு ஊசித் துளைதான் தெரியும், உள்ளே நசுங்கியிருக்கும், பூனைப் பல்லிலிருந்து கிருமியும் இறங்கியிருக்கும். அன்றே காட்ட வேண்டும். மின்கம்பியைக் கடித்த முயல் அப்போது சாதாரணமாகத் தெரிந்தாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம், அதையும் காட்டுங்கள். நகம் ஒடிந்து ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள், அது பெரும்பாலும் வீட்டிலேயே முடிகிற கதை.

சிவப்புச் சிறுநீரைப் பார்த்தும் பதறுவார்கள். முயலின் சிறுநீர் சில சமயம் செடிகளிலுள்ள நிறமிகளால் ஆரஞ்சாகவும் செங்கல் நிறமாகவும் வரும், அது ஒன்றுமில்லை. முழுச் சிறுநீரும் ஒரே சீராகச் சிவந்திருந்தால் நிறமியாக இருக்கலாம். திட்டுத்திட்டாக, கட்டியாக, கடைசியில் சொட்டாக வந்தால் ரத்தம். கருத்தடை செய்யாத பெண் முயல் என்றால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதல் சந்தேகம், வயதான பெண் முயல்களுக்கு அது மிகச் சாதாரணமாக வருகிறது. முயலுக்கு மாதவிடாய் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். சிறுநீரே வராமல் முக்கினால் அது அன்றே கவனிக்க வேண்டிய அவசரம்.

குட்டி முயலுக்குத் தண்ணீர் மாதிரி வயிற்றுப்போக்கு வந்தால் அதுவும் சில மணி நேரம்கூடத் தள்ளிப்போட முடியாத அவசரம். பெரிய முயலின் பின்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்து, கூடவே வழக்கமான உருண்டைப் புழுக்கையும் வந்துகொண்டிருந்தால், அது அநேகமாகத் திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று வரும், முயல் திரும்பத் தின்ன வேண்டிய இன்னொரு வகைப் புழுக்கை. தின்னாமல் விட்டிருக்கிறது. அவசரம் இல்லை, ஆனால் உணவையும் எடையையும் பார்க்க வேண்டும்.

நோயைவிட வைத்தியமே கொல்கிற இடங்கள் இரண்டு உண்டு. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிரிகள் செத்து, நஞ்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகி, முயல் சில நாட்களில் வயிற்றுப்போக்கில் போய்விடும். கிளிண்டமைசினும் அப்படியே. நாய்க்கும் பூனைக்கும் தினமும் எழுதுகிற மருந்துகள் என்பதால் முயல் பார்த்துப் பழக்கமில்லாத கிளினிக்கில் கை தானாக அதை எழுதிவிடும். எனக்கே ஒரு முறை அந்தச் சீட்டு கைக்கு வந்தது. "இது முயலுக்கு ஆகுமா?" என்று கேட்டேன், அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மாற்றிக் கொடுத்தார். கேட்பதில் தப்பே இல்லை. இன்னொன்று ஃபிப்ரோனில். நாய் பூனைக்கு உண்ணிக்காகக் கழுத்தில் விடும் அந்தச் சொட்டு மருந்து முயலுக்கு விஷம். வீட்டில் நாய் இருந்தால் அதற்குப் போட்ட நாளில் முயலை அதன் அருகில் விட வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் முயலைப் பட்டினி போடச் சொன்னாலும் காரணம் கேளுங்கள். வாந்தி எடுக்காத பிராணிக்கு வெறும் வயிறு தேவையில்லை, கெடுதல்தான்.

இதெல்லாம் ராத்திரி 2 மணிக்குத் தேடினால் கிடைக்காது. முயல் நன்றாக இருக்கும்போதே ஒரு டாக்டரைப் பார்த்து, முயல் பார்ப்பீர்களா, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முயலை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதுங்கள். ஒரு பெட்டியில் சிரிஞ்சுகள், மீட்புணவுப் பொடி, வெப்பமானி, இடுக்கி, உப்புநீர், இரண்டு துண்டு, வெந்நீர் பாட்டில் இருக்கட்டும். கூடையை எப்போதும் வெளியே திறந்து வையுங்கள், முயல் அதில் தூங்கிப் பழகட்டும். அப்போது அவசரத்தில் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்காது.

கிளம்பும்போது கூடைக்குள் கொஞ்சம் புல்லும் வழக்கமான துண்டும் போடுங்கள். ஜோடி இருந்தால் அதையும் கூட்டிப்போங்கள், தனியாகப் போகும் முயல் இன்னும் பயப்படும், திரும்பி வந்தபின் ஆஸ்பத்திரி வாசனையால் இரண்டும் சண்டையிடவும் கூடும். கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது, என்ன எடை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பதற்றத்தில் வாய்க்கு வராது. கடைசியாகப் போட்ட புழுக்கை நாலைந்தை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போனால் டாக்டர் முகம் சுளிக்க மாட்டார், சந்தோஷப்படுவார்.

வீடு திரும்பிய பிறகும் இரண்டு, மூன்று நாள் விட்டுவிட முடியாது. வலி மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள், நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்த வேண்டாம். முதலில் வரும் புழுக்கை சின்னதாக, முடியால் கோத்த மணிமாலை மாதிரி, சளி சுற்றி வரலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குடல் திரும்ப ஓடுகிறது. அளவு பெரிதாகி உருண்டையாகும்வரை எண்ணிக்கொண்டிருங்கள். இரண்டு மாதத்துக்குள் மறுபடியும் இதே கதை நடந்தால், கடைவாய்ப்பல்லை மயக்கம் கொடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாயைச் சும்மா திறந்து பார்த்தால் பின்னால் இருக்கும் கூர் பாதிக்கு மேல் தெரியாது.